யூனிசைக்கிளுக்கு எந்த டார்க் ரெஞ்ச் வாங்கறது? பீமா, கிளிக்கா, டிஜிட்டலா, இல்ல லக்கேஜ் தராசே போதுமா?

போன மாசம் மட்டும் மூணு பேர் ஒரே கேள்விய கேட்டுட்டாங்க. "கிராங்க் லூஸ் ஆகிட்டே இருக்கு, டார்க் ரெஞ்ச் வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்கட்டும்?" கிராங்க்னா பெடல, சக்கரத்தோட நடுவுல இருக்கற ஹப்போட சேர்க்கற கை. டார்க் ரெஞ்ச்னா போல்ட்ட எவ்வளவு இறுக்கறோம்னு அளக்கற ஸ்பேனர். மூணு பேருக்கும் போன்ல தனித்தனியா சொன்னதை இங்க ஒரே இடத்துல எழுதிடறேன், ஏன்னா இதுல ஒரு விஷயம் சைக்கிள்காரங்க சொல்றதுக்கு நேர் எதிரா இருக்கு, அது தெரியாம வாங்கினா ரெண்டு தடவை காசு போட வேண்டி வரும், நானே அப்படித்தான் போட்டேன்.

சைக்கிள் ஓட்டற எந்த ஃப்ரெண்ட்ட கேட்டாலும் "முதல்ல சின்ன ரெஞ்ச் வாங்கு, 2-ல இருந்து 14 என்எம் வரைக்கும் போறது"ன்னுதான் சொல்வாங்க. என்எம்னா நியூட்டன் மீட்டர், இறுக்கத்த அளக்கற கணக்கு. அவங்களுக்கு அது சரிதான், ஏன்னா சைக்கிள்ல ஸ்டெம், ஹேண்டில்பார், பிரேக் லீவர், சீட்னு பாதிக்கு மேல சின்ன சின்ன போல்ட், அதுலயும் கார்பன் இருந்தா கொஞ்சம் கூட இறுக்கினாலே விரிசல் விட்டுடும். நம்ம ஒத்தச் சக்கரத்துல ஸ்டெம் கிடையாது, பெரும்பாலும் கியர் கிடையாது, நிறைய பேர் வண்டில பிரேக்கே கிடையாது. மிச்சம் இருக்கறது ரெண்டு கிராங்க், ரெண்டு பெடல், பேரிங் கேப், சீட், அவ்வளவுதான். அதுல வண்டியோட உயிர் இருக்கறது 40 என்எம் பக்கத்துல. அதனால நமக்கு முதல்ல வேண்டியது பெரிய ரெஞ்ச். சின்னது அப்புறம் வாங்கினா போதும், பல பேருக்கு வாங்கவே வேண்டாம்.

## ஏன் நமக்கு மட்டும் கிராங்க் இப்படி படுத்துது

சைக்கிள்ல ஃப்ரீவீல் இருக்கு, காலை நிறுத்தினா கிராங்க் நிக்கும், வண்டி பாட்டுக்கு போகும். அதனால கிராங்க் மேல வர்ற பலம் அனேகமா முன்பக்கமா மட்டும்தான். யூனிசைக்கிள்ல கிராங்க் நேரா ஹப்லயே உக்காந்திருக்கு. முன்னாடி மிதிக்கும்போது ஒரு பக்கம் தள்ளும், வேகத்த குறைக்க பின்னாடி அழுத்தும்போது எதிர்ப்பக்கம் தள்ளும், ஒரே இடத்துல நின்னு முன்ன பின்ன ஆட்டிக்கிட்டு இருக்கோமே அந்த ஐடிலிங் பண்ணும்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரெண்டு பக்கமும் மாறி மாறி தள்ளும், இதுல படிக்கட்டுல குதிச்சா உடம்பு எடை மொத்தமும் ரெண்டு கிராங்க் மேல டம்முனு இறங்கும். கம்பிய முன்ன பின்ன வளைச்சா ஒடியுது இல்லயா, அந்த மாதிரி, ஒரு துளி லூஸ் இருந்தா போதும், அந்த லூஸே தன்னைத்தானே பெருசாக்கிக்கும்.

என் முதல் வண்டி 20 இன்ச், ஸ்கொயர் டேப்பர் ஹப், அதாவது ஆக்ஸில் முனை சதுரமா, போகப் போக மெலிசாகற மாதிரி இருக்கும். இடது கிராங்க்ல "டக்... டக்..."னு ஒரு சத்தம், பெடல் மேல போகும்போது ஒண்ணு, கீழ வரும்போது ஒண்ணு. பெடல் பேரிங்னு நினைச்சு ரெண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். கடைசில புல்லர் போட்டு கிராங்க்க கழட்டி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா, உள்ள சதுரமா இருக்க வேண்டிய ஓட்டை நாலு மூலையிலயும் மழுங்கி, அலுமினியம் சாம்பல் கலர்ல மாவு மாதிரி விரல்ல ஒட்டுது. ஆக்ஸில் இரும்பு, அதுக்கு ஒண்ணும் ஆகல. கிராங்க் போச்சு. அப்படி ஒரு தடவை மழுங்கினது எவ்வளவு இறுக்கினாலும் திரும்ப நிக்காது, புதுசு வாங்கியே ஆகணும். அந்த கிராங்க் கப்பல்ல வந்து சேர்ற வரைக்கும் வண்டி சுவத்துல சாஞ்சு கிடந்துச்சு. ஆரம்பத்துலயே 40 என்எம்ல ஒழுங்கா இறுக்கி, முதல் ரைடு முடிஞ்சதும் இன்னொரு தடவை செக் பண்ணியிருந்தா இது நடந்திருக்காது.

## எதையெல்லாம் பாத்து முடிவு பண்றது

முதல்ல நம்ம வண்டில எந்த போல்ட்டுக்கு எவ்வளவு வேணும்னு பாத்துடலாம். உங்க கிராங்க் கம்பெனி வேற நம்பர் சொன்னா அதையே எடுத்துக்கோங்க, இது பொதுவா வர்ற அளவு. ஷிமானோ, ட்ருவேட்டிவ்ங்கறது சைக்கிள் பார்ட்ஸ் கம்பெனி பேரு, டி25ங்கறது நட்சத்திர வடிவ கீ.

| எந்த இடம் | எவ்வளவு என்எம் | எதால திருகறது |
|---|---|---|
| ஸ்கொயர் டேப்பர் கிராங்க் போல்ட் | 34–44, ஷிமானோ கணக்கு | 8 மிமீ அலன் இல்லன்னா 14 மிமீ சாக்கெட் |
| ஐசிஸ் (ஆக்ஸில் முனை பல்லு பல்லா இருக்கறது) கிராங்க் போல்ட் | 43–47, ட்ருவேட்டிவ் கணக்கு | 8 இல்லன்னா 10 மிமீ அலன் |
| பெடல் | 35–40 | 15 மிமீ ஸ்பேனர், பின்பக்கம் 6 இல்ல 8 மிமீ அலன் |
| சீட் போஸ்ட் கிளாம்ப் | 5–7 | அலன் |
| டிஸ்க் ரோட்டர் போல்ட் | 2–4, ஷிமானோ கணக்கு | டி25 |
| டிஸ்க் காலிப்பர் போல்ட் | 6–8, ஷிமானோ கணக்கு | 5 மிமீ அலன் |
| பேரிங் கேப் | நம்பர் வேண்டாம், கீழ தனியா சொல்றேன் | அலன் |

இந்த டேபிள்லயே முதல் விஷயம் தெரியுது, ரேஞ்ச். 34-ல இருந்து 47 வரைக்கும் ஒரு கூட்டம், 2-ல இருந்து 8 வரைக்கும் இன்னொரு கூட்டம், நடுவுல ஒண்ணுமே இல்ல. ஒரே ரெஞ்ச் ரெண்டுக்கும் ஒழுங்கா வேலை செய்யாது. கிளிக் டைப், அதாவது நாம வெச்ச நம்பர் வந்ததும் கிளிக்னு சத்தம் குடுக்கறது, எதுவா இருந்தாலும் அதோட அதிகபட்ச அளவுல முதல் 20 சதவீதத்த நம்ப வேண்டாம், அடில ஸ்பிரிங் சரியா அழுந்தி இருக்காது.

அடுத்தது துல்லியம். இதுக்குத்தான் எல்லாரும் ரொம்ப மண்டைய உடைச்சிக்கறாங்க. டார்க் ரெஞ்சுக்கான சர்வதேச தரம் ஐஎஸ்ஓ 6789, அதன்படி கிளிக் ரெஞ்சுக்கு 10 என்எம்முக்கு மேல ப்ளஸ் மைனஸ் 4 சதவீதம், அதுக்கு கீழ 6 சதவீதம் விலகல் இருக்கலாம். 40-க்கு 4 சதவீதம்னா 38.4-ல இருந்து 41.6. ஷிமானோவே 34-ல இருந்து 44 வரைக்கும் பத்து என்எம் இடம் விட்டிருக்காங்க. அப்ப 39-க்கு வெச்சு, ரெஞ்ச் பத்து சதவீதமே தப்பா காட்டினாலும் அந்த எல்லைக்குள்ளதான் நிக்கும். கிராங்க்குக்கு புள்ளி வெச்ச துல்லியம் தேவையே இல்ல. அத விட போல்ட் மரைல கிரீஸ் இருக்கா இல்லயாங்கறது பெரிய வித்தியாசம், ஏன்னா நாம போடற பலத்துல பெரும்பங்கு உராய்வுலயே போயிடும், பத்துல ஒரு பங்குதான் போல்ட்ட இழுத்துப் பிடிக்க போகுதுன்னு பொதுவா சொல்வாங்க. காஞ்ச மரைல 40 காட்டினா உள்ள அவ்வளவு இறுக்கம் இருக்காது.

மூணாவது எந்தப் பக்கம் திருகினா அளக்கும். இதை யாருமே சொல்றதில்ல, நம்ம வேலைக்கு இதுதான் ரொம்ப முக்கியம். விலை கம்மியான கிளிக் ரெஞ்ச் பலது வலப்பக்கம் திருகினாத்தான் கிளிக் ஆகும். ராட்செட்ட மாத்தி விட்டா இடப்பக்கமும் சுத்தும், ஆனா கிளிக்கே வராது. இடது பெடலுக்கு இடது மரைங்கறது எல்லாருக்கும் தெரியும், அதனால "சரி, இடது பெடலுக்குத்தான் பிரச்சனை"ன்னு நானும் நினைச்சேன். புது கிராங்க் வந்தப்ப ரெண்டையும் வைஸ்ல பிடிச்சு, பெடல பின்பக்கம் 8 மிமீ அலன் சாக்கெட் போட்டு இறுக்கினேன். இடது பெடல் அழகா கிளிக் ஆச்சு. வலது பெடல்ல இழுக்கறேன் இழுக்கறேன், கிளிக் வரல. இன்னும் வரலயேன்னு இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

என்ன நடந்துச்சுன்னா, பின்பக்கம் இருந்து பாத்தா எல்லாமே தலைகீழ். பெடல் பக்கமா நின்னு பாத்தா வலது பெடல் வலப்பக்கம் திருகினா இறுகும், ஆனா அதே சுத்த கிராங்க்குக்கு பின்னாடி இருந்து பாத்தா இடப்பக்கம் சுத்தற மாதிரி இருக்கும். கடிகாரத்த கண்ணாடி பக்கம் இல்லாம பின்பக்கம் இருந்து பாக்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ரெஞ்ச் பின்பக்கம் நிக்குது, அதுக்கு தெரியறது இடச்சுத்து. அதனால இடது பெடல்ல கிளிக் வந்துச்சு, பிரச்சனையே இல்லன்னு நினைச்ச வலது பெடல்ல வரல. எத்தனை என்எம் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு பெடல் மாத்த கழட்டினப்ப, பெடல் ஆக்ஸிலோட கூடவே அலுமினிய மரை சுருள் சுருளா ஸ்பிரிங் மாதிரி வெளிய வந்துச்சு. சென்னை புதுப்பேட்டை பக்கம் ஒரு பட்டறைல குடுத்து ஓட்டைய பெருசாக்கி, இரும்பு மரை இன்சர்ட் போட்டு காப்பாத்தினோம்.

நாலாவது, ரெஞ்ச் அந்த இடத்துக்குப் போகுமா. கிராங்க் போல்ட்டுக்கு பிரச்சனை இல்ல, வெளிய திறந்து கிடக்கு, ரெண்டு பக்கமும் சாதாரண வலது மரைதான். பெடல்தான் சிக்கல். கிராங்க் வண்டில மாட்டியிருக்கும்போது பின்பக்கம் ஸ்போக் வந்துடும், சாக்கெட்டும் ரெஞ்ச் தலையும் சேர்ந்து அந்த இடுக்குல நுழையறது ரொம்ப கஷ்டம். ஒண்ணு, கிராங்க்க மாட்டறதுக்கு முன்னாடியே பெடல மாட்டிடணும், இல்ல 15 மிமீ காக்கா கால் ஸ்பேனர் வாங்கி ரெஞ்ச் முனைல மாட்டணும், கடைல குரோஃபூட்னு கேட்டா குடுப்பாங்க. அதை ரெஞ்சுக்கு குறுக்கால, சரியா 90 டிகிரில வெச்சா நம்பர்ல மாத்தம் இல்ல. நேரா நீட்டி வெச்சா ரெஞ்ச் நீளம் கூடின மாதிரி ஆகி, காட்டறத விட அதிகமா இறுகிடும்.

கடைசியா மொத்த செலவு. ரெஞ்ச் விலைய மட்டும் பாக்காதீங்க. 8 மிமீ, 10 மிமீ அலன் சாக்கெட், 15 மிமீ காக்கா கால், டிரைவ், அதாவது சாக்கெட் மாட்டற சதுர முனை, அளவு வேறன்னா அடாப்டர், அப்புறம் கேலிப்ரேஷன், அதாவது ரெஞ்ச் சரியா அளக்குதான்னு சோதிச்சு சரி பண்றது. எல்லாம் கூட்டினா சில சமயம் ரெஞ்ச் விலைக்கு சமமா வந்து நிக்கும்.

## பீம் டைப், ஊசி காட்டறது

ஒரு நீளமான கம்பி, பக்கத்துல ஒரு மெல்லிசான ஊசி, கீழ ஒரு அளவு தட்டு. கைப்பிடிய இழுத்தா கம்பி வளையும், ஊசி வளையாம நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் டார்க். உள்ள ஸ்பிரிங் கிடையாது, பல் கிடையாது, கெட்டுப் போக ஒண்ணுமே கிடையாது. கீழ விழுந்து ஊசி கொஞ்சம் விலகினா திரும்ப ஜீரோவுக்கு நேரா லேசா வளைச்சு விட்டா போதும், பழையபடி அளக்கும்.

நமக்கு இது பொருந்தறதுக்கு பெரிய காரணம், வலம் இடம் ரெண்டு பக்கமும் அளக்கும். ஜீரோ நடுவுல, ரெண்டு பக்கமும் நம்பர். பின்பக்கமா போட்டாலும் முன்பக்கமா போட்டாலும் ஊசி பொய் சொல்லாது. என் கதைல நடந்தது பீம்ல நடக்க வாய்ப்பே இல்ல.

கஷ்டம் என்னன்னா இறுக்கும்போது தட்ட நேரா மேல இருந்து பாக்கணும், சாச்சுப் பாத்தா 3, 4 என்எம் வித்தியாசம் தெரியும். யூனிசைக்கிள்ல கிராங்க் போல்ட்ட திருகினா சக்கரமும் கூடவே சுத்தும் இல்லயா, அதனால ஒரு கை கிராங்க்க பிடிச்சிருக்கணும், இன்னொரு கை ரெஞ்ச இழுக்கணும், அதே நேரத்துல குனிஞ்சு ஊசியயும் பாக்கணும். பழக நாலஞ்சு தடவை ஆகும். கிராங்க்கும் ரெஞ்ச் கைப்பிடியும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல வர்ற மாதிரி வெச்சு, ரெண்டையும் சேர்த்து நெருக்கற மாதிரி இறுக்கினா சக்கரம் அசையாது. ராட்செட்டும் பல பீம்ல இருக்காது, ஆனா கடைசி கால் சுத்து மட்டும்தான் இதால இறுக்கப் போறோம், அதனால அது ஒரு குறையா எனக்கு தெரியல.

வாங்கும்போது தட்டோட அதிகபட்சம் எவ்வளவுன்னு பாருங்க. 60-ல இருந்து 100 என்எம் வரைக்கும் இருந்தா நல்லது. 200, 300 வரைக்கும் போறதுன்னா 40 எங்கயோ ஓரத்துல ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கும், படிக்கவே முடியாது.

## கிளிக் டைப், 3/8 இன்ச் டிரைவ், 10–60 என்எம்

சைக்கிள் டூல்னே விக்கறதுல பார்க் டூல் டிடபிள்யூ-6.2 இந்த அளவுதான், 10-ல இருந்து 60 வரைக்கும். மத்த கம்பெனிலயும் இதுக்கு கிட்டக்க இருக்கற ரேஞ்ச் கிடைக்குது. 40 நட்ட நடுவுல உக்காரும், கிளிக் தெளிவா கைல தெரியும், குனிஞ்சு பாக்க வேண்டாம், இருட்டுலயும் இறுக்கலாம். வாரா வாரம் கிராங்க் கழட்டி மாட்டறவங்களுக்கு, அதாவது ஒரே ஹப்ல 125 மிமீ கிராங்க்கும் 150 மிமீ கிராங்க்கும் மாத்தி மாத்தி போடறவங்களுக்கு இதை விட சௌகரியம் வேற இல்ல.

மறைஞ்ச செலவு இதுலதான் அதிகம். வேலை முடிஞ்சதும் ஸ்பிரிங்க தளர்த்தி குறைஞ்ச நம்பருக்கு கொண்டு வந்து வைக்கணும், அப்படியே 40-லயே விட்டா மாசக்கணக்குல அளவு மாறிடும். கீழ போடக்கூடாது. போல்ட் கழட்டறதுக்கு பயன்படுத்தவே கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை இல்லன்னா 5000 தடவை இறுக்கின பிறகு கேலிப்ரேட் பண்ணனும்னு ஐஎஸ்ஓ சொல்லுது. 5000 எல்லாம் நமக்கு ஆயுசுக்கும் வராது, ஆனா வருஷக் கணக்கு வரும். கிண்டி, அம்பத்தூர் பக்கம் என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள லேப்ல பண்ணிக் குடுப்பாங்க, மலிவான ரெஞ்சா இருந்தா அந்த கட்டணத்துக்கு யோசிக்க வேண்டி வரும்.

வீட்டுலயே ஒரு சோதனை பண்ணலாம், நான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பண்றேன். ரெஞ்சோட சதுர முனைய வைஸ்ல பிடிச்சு, கைப்பிடி தரைக்கு சமமா நிக்கற மாதிரி வெச்சு, முனை நடுவுல இருந்து சரியா 30 செமீ தூரத்துல ஒரு வாளிய தொங்க விடுங்க, அந்த தூரம் கைப்பிடி மேல வரணும். ரெஞ்ச் 40-ல இருக்கட்டும். வாளில கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஊத்துங்க. வாளியும் தண்ணியும் சேர்ந்து 13.6 கிலோ வரும்போது 40 என்எம் ஆகும். ரெஞ்சோட சொந்த எடைல ஒண்ணு ஒண்ணரை என்எம் சேரும்னு வெச்சுக்கிட்டா 13 கிலோவுக்கும் 14-க்கும் நடுவுல கிளிக் வந்தா கவலையே பட வேண்டாம். 11-லயோ 16-லயோ வந்தா லேப்புக்கு எடுத்துட்டு போங்க.

வாங்கறதுக்கு முன்னாடி கடைக்காரர்ட்ட ஒரே கேள்வி கேளுங்க, "ரெண்டு பக்கமும் கிளிக் ஆகுமா?" அவருக்கு தெரியலன்னா அங்கயே ஒரு வைஸ்ல மாட்டி குறைஞ்ச நம்பர்ல வெச்சு ரெண்டு பக்கமும் இழுத்து பாத்துட்டு காசு குடுங்க.

## கார் கடை கிளிக் ரெஞ்ச், 1/2 இன்ச், 28–210 என்எம்

லிங்கிச்செட்டி தெரு பக்கம் டூல்ஸ் கடைல "டார்க் ரெஞ்ச்"னு கேட்டா முதல்ல எடுத்து வைக்கறது இதைத்தான். நீளமா, கனமா, விலையும் கம்மியா இருக்கும். கார் வீல் நட்டுக்கு செஞ்சது. 210-ல 20 சதவீதம் 42, அப்ப நம்ம 40 அந்த நம்பக்கூடாத அடிப்பகுதிலயே விழுது. அதுவும் இல்லாம அரை மீட்டர் கைப்பிடில 40 என்எம்னா எட்டு கிலோ பலம்தான், லேசா இழுத்தாலே வந்துடும், கிளிக்கும் பூனை நடக்கற மாதிரி மெல்லிசா இருக்கும், தெரியாம தாண்டிடுவீங்க. அளவு ஒரு பக்கம் நியூட்டன் மீட்டர், இன்னொரு பக்கம் அடி-பவுண்டுன்னு போட்டிருக்கும், 40-ன்னு அடி-பவுண்ட் பக்கம் வெச்சுட்டா 54 என்எம் ஆயிடும்.

வீட்டுல கார் இருந்து அதுக்காக ஏற்கனவே வாங்கி வெச்சிருந்தா, 44, 45-ல வெச்சு ஐசிஸ் போல்ட்டுக்கு கவனமா பயன்படுத்தலாம். யூனிசைக்கிளுக்காக மட்டும்னா இதை வாங்காதீங்க.

## டிஜிட்டல் அடாப்டர்

ராட்செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல மாட்டற சின்ன டப்பா, நம்பர் காட்டும், குறிச்ச அளவு வந்ததும் பீப் அடிக்கும். பெரும்பாலும் ரெண்டு பக்கமும் அளக்கும், அது பெரிய ப்ளஸ். ஆனா நிறைய மாடல் 40-லதான் ஆரம்பிக்கும், பெட்டி மேல குறைஞ்சபட்சம் எவ்வளவுன்னு பாத்துடுங்க. பேட்டரி உள்ள இருந்துட்டு ஒழுகும், கடற்கரை பக்கம் வீடு இருந்தா உப்புக்காத்துல கான்டாக்ட் பச்சை பிடிக்கும். டப்பாவே நாலஞ்சு செமீ நீளம், அதனால ரெஞ்ச் போல்ட்ட விட்டு தள்ளி நின்னு சாயப் பாக்கும். இந்த காசுக்கு நான் பீம் வாங்கி மிச்சத்துல நல்ல சாக்கெட் வாங்குவேன்.

## லக்கேஜ் தராசு

ஊருக்கு போகும்போது பெட்டிய தூக்கி எடை பாக்கற கொக்கி தராசு, சில நூறு ரூபாய்தான். டார்க்னா பலம் பெருக்கல் தூரம், அவ்வளவுதானே. ராட்செட் கைப்பிடில போல்ட் நடுவுல இருந்து 25 செமீ அளந்து மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க, அங்க கயிறு கட்டி தராச மாட்டி, கைப்பிடிக்கு செங்குத்தா இழுங்க. 16.3 கிலோ காட்டும்போது 40 என்எம். உங்க ஸ்பேனர் நீளம் வேறன்னா, வேண்டிய என்எம்ம 9.81-ஆல வகுத்து, வந்ததை மீட்டர்ல இருக்கற நீளத்தால வகுத்தா எத்தனை கிலோன்னு வந்துடும்.

இதை நான் ஏதோ வழியில்லாதவங்களுக்குன்னு சொல்லல. பெடலுக்கு இன்னிக்கும் நான் பயன்படுத்தறது இதைத்தான். 30 செமீ பெடல் ஸ்பேனர், முனைல தராசு, 12 கிலோ வரைக்கும் இழுத்தா 35 என்எம். காக்கா கால் வேண்டாம், இடது மரை வலது மரை குழப்பம் இல்ல, கிராங்க் வண்டிலயே இருக்கலாம், ஸ்போக்கும் தடுக்காது. செங்குத்துல இருந்து பத்து டிகிரி சாஞ்சா கூட ஒண்ணரை சதவீதம்தான் குறையும். கஷ்டம் ஒண்ணே ஒண்ணுதான், ஒருத்தர் சக்கரத்த பிடிச்சுக்கணும், தனியாளா செய்யறது சிரமம். எங்க வீட்டுல என் பொண்ணு டயர கட்டிப் பிடிச்சுக்கிட்டு தராசு நம்பர சத்தமா படிப்பா, நான் இழுப்பேன்.

## 4, 5, 6 என்எம் சின்ன கீ

ரிச்சி டார்க்கீ மாதிரி 5 என்எம்ல நிக்கற ஒரே அளவு கீ இருக்கு, பார்க் டூல் ஏடிடி-1.2 மாதிரி 4-ல இருந்து 6 வரைக்கும் அரை அரையா மாத்தற டிரைவரும் இருக்கு. கார்பன் சீட் பேஸ் இல்லன்னா கார்பன் சீட் போஸ்ட் வெச்சிருந்தா கண்டிப்பா வாங்குங்க. அலுமினிய போஸ்ட், சாதாரண சீட் மட்டும்னா குட்டை அலன் கீய ரெண்டு விரலால பிடிச்சு, சீட்ட முட்டி நடுவுல வெச்சு திருகிப் பாத்தா திரும்பாத அளவுக்கு இறுக்கினா போதும். டிஸ்க் பிரேக் போட்ட மலை வண்டிக்கு ரோட்டர் 2–4-ல வருது, அதுக்கு இந்த கீ உதவாது, அப்பதான் அந்த 2–14 சின்ன கிளிக் ரெஞ்சுக்கு வேலை.

## ரெஞ்ச கிட்டயே கொண்டு போகக் கூடாத இடம்

பேரிங் கேப். ஃபோர்க்கோட ரெண்டு காலுக்கும் கீழ, பேரிங்க சுத்திப் பிடிக்கற அந்த மூடி. நல்ல வண்டி பெரும்பாலும் வெளிவட்டம் 42 மிமீ பேரிங். எல்லா போல்ட்டும் நல்லா டைட்டா இருக்கட்டும்னு இதையும் நச்சுனு இறுக்கறவங்கதான் அதிகம். இறுக்க இறுக்க பேரிங்கோட வெளி வளையம் லேசா முட்டை வடிவத்துக்கு நசுங்கும், உள்ள குண்டு சிக்கிச் சிக்கி சுத்தும், பேரிங் சீக்கிரம் செத்துடும். இங்க நம்பர் உதவாது, ஏன்னா ஒவ்வொரு ஃபோர்க் மூடியும் ஒவ்வொரு மாதிரி உக்காரும்.

வண்டிய தலைகீழா நிறுத்துங்க. ரெண்டு மூடியயும் விரலால இறுக்கிட்டு, அலன் கீயோட குட்டைப் பக்கத்த கைல பிடிச்சு கால் சுத்து கால் சுத்தா ரெண்டு போல்ட்டயும் மாத்தி மாத்தி இறுக்குங்க, ஒவ்வொரு கால் சுத்துக்கும் சக்கரத்த சுத்தி விடுங்க. போன தடவை ஒரு பையன் வண்டில சக்கரம் மூணு சுத்துல நின்னுச்சு, பேரிங் மாத்தணும்னு வந்தான். ஒரு பக்கம் கேப் போல்ட் ரெண்டையும் கால் சுத்து தளர்த்தி விட்டேன், அவ்வளவுதான், சக்கரம் பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருந்துச்சு. சுத்தறது குறையற அந்த இடத்துக்கு கொஞ்சம் முன்னாடி நிறுத்திடணும், ஃபோர்க்குக்குள்ள பேரிங் ஆடவும் கூடாது. ஷ்லும்ஃப்ங்கற, உள்ளயே கியர் இருக்கற ஹப் வெச்சிருக்கறவங்க மட்டும் இந்த வழிய எடுத்துக்காதீங்க, அதோட மேனுவல்ல சொன்னபடிதான் இறுக்கணும்.

## பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா

| | 40 என்எம் சரியா வருமா | ரெண்டு பக்கமும் அளக்குமா | பராமரிப்பு | மறைஞ்ச செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| பீம் | வரும் | ஆமா | ஜீரோ பாத்தா போதும் | சாக்கெட் மட்டும் | மாசத்துக்கு ஒரு தடவை வேலை பாக்கறவங்க |
| கிளிக் 10–60 | அருமையா வரும் | மாடலப் பொறுத்து | தளர்த்தி வைக்கணும், கேலிப்ரேஷன் | லேப் கட்டணம், காக்கா கால் | அடிக்கடி கிராங்க் மாத்தறவங்க, கிளப்புக்கு பொதுவா |
| கார் கிளிக் 28–210 | ஓரத்துல | பெரும்பாலும் இல்ல | அதேதான் | அடாப்டர், ஒரு கிராங்க் போகலாம் | ஏற்கனவே வெச்சிருந்தா மட்டும் |
| டிஜிட்டல் அடாப்டர் | மாடலப் பொறுத்து | பெரும்பாலும் ஆமா | பேட்டரி | பேட்டரி, ஈரம் | காருக்கும் சேர்த்து வாங்கறவங்க |
| லக்கேஜ் தராசு | வரும் | ஆமா | ஒண்ணுமில்ல | இன்னொரு ஆள் | இப்பதான் ஆரம்பிக்கறவங்க, பெடலுக்கு எல்லாருக்கும் |
| 4–6 கீ | வராது | தேவையில்ல | ஒண்ணுமில்ல | பெரிய ரெஞ்ச் தனியா வேணும் | கார்பன் வெச்சிருக்கறவங்க |

## அப்ப எதை வாங்கறது

இப்பதான் 20 இன்ச் வாங்கி சுவத்த பிடிச்சுக்கிட்டு பழகற ஆளா இருந்தா, டார்க் ரெஞ்சே வேண்டாம். லக்கேஜ் தராசு, ஒரு 8 மிமீ அலன் சாக்கெட், ஒரு ராட்செட், கொஞ்சம் கிரீஸ், அதுல வர்ற மிச்சத்துல முட்டிக்கு நல்ல பேட் வாங்குங்க.

பழகி முடிச்சு ரோட்டுலயோ பீச் ஓரமாவோ தூரம் ஓட்டறீங்க, கிராங்க் அடிக்கடி கழட்ட மாட்டீங்கன்னா பீம். என் தம்பி கேட்டா இதைத்தான் சொல்வேன். ஒரு தடவை வாங்கினா பத்து வருஷம் கழிச்சும் அப்படியே அளக்கும்.

குதிக்கறவங்க, மலைல ஓட்டறவங்க, ஐசிஸ் ஹப் வெச்சுக்கிட்டு கிராங்க் நீளத்த மாத்தி மாத்தி பாக்கறவங்க, நாலு பேர் சேர்ந்து ஒரு டூல் பாக்ஸ் வெச்சிருக்கறவங்க 10–60 கிளிக் வாங்குங்க, ரெண்டு பக்கமும் கிளிக் ஆகறதா பாத்து. கார்பன் இருந்தா மேல ஒரு சின்ன கீ, டிஸ்க் இருந்தா ஒரு 2–14.

எதை வாங்கினாலும் புதுசா மாட்டின கிராங்க்க முதல் ரைடு முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும், வேர்வை காயறதுக்குள்ள ஒரு தடவை செக் பண்ணிடுங்க. முதல் ஓட்டத்துல கிராங்க் ஆக்ஸில் மேல இன்னும் கொஞ்சம் ஏறி உக்காரும், அதனால போல்ட் லூஸ் ஆகியிருக்கும். என் வண்டில எப்பவும் வலதை விட இடதுதான் கொஞ்சம் கூட திரும்பும். அதுக்கு அப்புறம் ஒரு நாலு ரைடு கழிச்சு இன்னொரு தடவை. அப்பவும் திரும்பாம நேரா 40-ல கிளிக் ஆச்சுன்னா போல்ட் தலைலயும் கிராங்க்லயும் சேர்த்து பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு இழுத்து விட்டுடுங்க, கோடு விலகினா தூரத்துல இருந்து பாத்தாலே தெரிஞ்சுடும்.